எச்சில் துணி

லவினா காரை நிறுத்தியபோது காலை பத்து மணி. முந்தின நாள் மழையில் துப்பாக்கிக் கிளப்பின் சுடுதளம் சொதசொதவென்று கிடந்தது. தகரக் கொட்டகைக்குக் கீழே ஏழெட்டுப் பேர் காப்பியும் கையுமாக நின்றிருந்தார்கள். குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டித்துச் சுடுகிற பழைய மாதிரித் துப்பாக்கியைப் புதிதாகப் பிடிப்பவர்களுக்கு வகுப்பு. கென்டக்கியின் அந்த மலைப்பக்கத்தில் மான் வேட்டைக்கு முன்னால் வருஷா வருஷம் நடப்பதுதான்.

சொல்லிக்கொடுப்பவன் ஆர்வில் ஸ்டாம்பர். அவன் மூஞ்சியைப் பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வருஷம் அவள் தம்பி வெண்டல், காட்டில் சுட்டபோது குழல் வெடித்துச் செத்துப்போனான். ஒரே குழலில் இரண்டு தடவை மருந்தும் குண்டும் போட்டிருக்கிறான் என்றார்கள். கூட இருந்தது ஆர்வில் மட்டும். "போதையில மறந்துட்டான், பாவம்" என்று அவன் சொன்னதை ஊரே நம்பிவிட்டது. குடியை விட்டு நாலு வருஷமான மனுஷனைப் பற்றி வாய்கூசாமல் சொன்னான் படுபாவி!

"எல்லாரும் நல்லா கேட்டுக்குங்க," என்று ஆர்வில் தொண்டையைச் செருமினான். "எந்தத் தப்பு வேணா பண்ணுங்க. வெண்டல் வேலை மட்டும் பண்ணிடாதீங்க."

சிரித்தார்கள். லவினாவுக்குக் காதெல்லாம் சுட்டது. கோட்டுப் பைக்குள் ஒரு காகித உறை இருந்தது. அதற்குள் வெண்டல் விழுந்த இடத்தில் பொறுக்கிய இரண்டு துணித்துண்டுகள். குண்டைச் சுற்றி வைத்து இறக்குகிற துணி அது. ஒன்று பழுப்பு. வெண்டல் எந்நேரமும் புகையிலை மெல்லுவான், அந்த எச்சிலில்தான் துணியை நனைப்பான். இன்னொன்று கொழுப்புத் தடவிய வெள்ளைத் துணி. வெண்டல் ஒருநாளும் கொழுப்புத் தடவினதில்லை. போலீஸிடம் காட்டினாள். "இதெல்லாம் ஒரு சாட்சியாம்மா?" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வெள்ளைத் துணி யாருடையது என்று ஆர்வில் தன் வாயால், இத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பேர் கொடுத்து வந்திருந்தாள்.

ஆர்வில் தன் துப்பாக்கிக்குள் இரும்புக் கம்பியைப் போட்டான். அடியில் ணங்கென்றது.

"சத்தம் கேக்குதா? காலி." மருந்தைக் கொட்டினான். கொழுப்புத் துணியில் குண்டை வைத்துக் கம்பியால் இறக்கினான். கம்பியில் கீறியிருந்த கோடு குழல் வாய்க்குச் சரியாக நின்றது. "கோடு மேல நின்னா உள்ள இன்னொண்ணு கிடக்குன்னு அர்த்தம். இந்தக் கோட்டைப் பார்க்காமத்தான் அந்த வெண்டல்..."

துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கதையளந்தான். குடிகாரன் மாதிரித் தள்ளாடிக் காட்டினான். பிறகு, "இப்ப மறுபடி பார்ப்போம்" என்று கம்பியை விட்டான்.

கோடு இரண்டு விரல் மேலே நின்றது.

"என்ன ஆர்வில், நீயே வெண்டல் வேலை பண்ணிட்டியா?" டெல்பர்ட் என்ற குண்டு ஆசாமி கிண்டலடித்தான். புதுசாகப் பழக வந்தவன்.

ஆர்வில் கம்பி நுனியில் திருகாணி மாட்டி, குண்டைக் குடைந்து இழுத்தான். குண்டோடு துணி வந்தது.

பழுப்புத் துணி.

விரலில் பட்டதும் துணியை உதறினான், துப்பாக்கியைச் சாய்த்துக் கம்பியைக் கீழே போட்டான். டெல்பர்ட் குனிந்து எடுத்தான். "சூடா இருக்கே," என்றான். "இப்பத்தான் வாயிலிருந்து எடுத்த மாதிரி."

புகையிலை வாசம் லவினாவின் தோளுக்குப் பக்கத்தில் கனமாக வந்தது. திரும்பினாள். யாரும் இல்லை. அவளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை, நேராக ஆர்விலிடம் போனாள்.

"மேல இருந்தது என் தம்பியோடது. அடியில கிடக்கிறது யாரோடது?"

"லவினா, சும்மா இரும்மா..."

"வாயைத் திறய்யா!" உறையைக் கிழித்து வெள்ளைத் துணியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

ஆர்வில் ஓரடி பின்வாங்கினான். "அவன் ஒதுங்கப் போயிருந்தான். மான் வர்ற சத்தம். நான்தான் அவன் துப்பாக்கியைக் கெட்டிச்சு வச்சேன். உதவிக்குத்தாம்மா! சொல்ல மறந்துட்டேன்."

"மறந்தது நீ. குடிகாரப் பட்டம் அவனுக்கு. நல்லா இருக்குய்யா உன் நியாயம்."

ஒரு வருஷம் காத்திருந்த சொல் கிடைத்துவிட்டது. ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை. புகையிலை வாசமும் போகவில்லை.

"அக்கா," டெல்பர்ட் கிசுகிசுத்தான். "அங்க பாருங்க."

சாய்த்து வைத்த ஆர்விலின் துப்பாக்கி. கீழே கிடந்த கம்பி இப்போது குழலுக்குள் இருந்தது. பக்கத்தில் ஆளில்லை.

கம்பி மெல்ல மேலே எழுந்தது.

இறங்கியது. தொப்.

"டேய் வெண்டல்! சொல்லிட்டேனேடா!" ஆர்வில் அலறினான்.

"முழுசா சொன்னியா?" என்றாள் லவினா.

அவன் சேற்றில் மண்டியிட்டான். "பார்த்தேன்... அவன் திரும்பி வந்து மறுபடி மருந்து கொட்டுறதைப் பார்த்தேன். கோட்டைப் பார்த்துட்டு என்னைத் திட்டுவான்னு, மரத்துக்குப் பின்னால நின்னு சிரிச்சிக்கிட்டு இருந்தேன். மான் ஓடிடுமோங்கிற அவசரம் அவனுக்கு. பார்க்கவே இல்லை."

டெல்பர்ட் கையிலிருந்த காப்பியைத் தரையில் ஊற்றிவிட்டுக் காரை நோக்கி நடந்தான். மற்றவர்களும் போனார்கள். ஆர்விலை ஒருவரும் தூக்கிவிடவில்லை.

கம்பி நிற்கவில்லை. எழுந்தது, இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு இன்னும் இரண்டு விரல் உயர்ந்தது.

ஆர்வில் எழுந்து, எதுவோ பிடித்து இழுப்பது போல ஒவ்வோர் அடியாகத் துப்பாக்கியை நோக்கிப் போனான். "வேண்டாம்னு சொல்லும்மா அவன்கிட்ட," என்று அழுதான். "நீ சொன்னா கேப்பான்."

கேட்பான்தான். சின்ன வயசிலிருந்தே அக்கா சொல்லைத் தட்டாதவன்.

லவினா வாயைத் திறக்கவில்லை.