நகர்த்திய கோடு

தங்கை வீட்டுக் கூடத்துச் சுவரில், தலையளவு உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு ஓடியது. மட்டம் வைத்துப் போட்டதுபோல் நான்கு சுவர்களிலும் ஒரே உயரம். மழை பெய்து ஏழு மாதம் ஆகிறது. இவர்கள் குடிவந்து நான்கு மாதம்தான்.

அக்கா விரலால் தொட்டாள். ஈரம். முகர்ந்தால் ஆற்றுச் சேற்றின் வாடை.

"இது என்னடி?"

"அதுவா? நாங்க வந்தப்ப கணுக்கால் அளவுதான் இருந்துச்சு. அவரு மூணு தடவை பெயிண்ட் அடிச்சாரு. அடிக்க அடிக்க ஏறுது. இப்ப விட்டுட்டோம்." தங்கை டீயை நீட்டினாள். "ஆறிடப் போகுது, குடி."

ஃப்ரிட்ஜ் மேசைமேல் ஏறியிருந்தது. செருப்புகள் பீரோவின் உச்சியில். குழந்தையின் புத்தகப் பை மின்விசிறிக் கொக்கியில் தொங்கியது, விசிறியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். திறந்த ஜன்னல் வழியாக வெயில் வந்து விழுந்தும், தரை மட்டும் குளிர்ந்து கிடந்தது.

அக்கா நகரமைப்பு அலுவலகத்தில் நில அளவையர். பழைய வரைபடத்தில் இந்தத் தெரு முழுவதும் நீலம்: வெள்ளம் வரும் இடம், வீடு கட்டக் கூடாது. பிறகு அரசாங்கம் வீட்டுப் பற்றாக்குறையைச் சொல்லிப் புதுக் கொள்கை கொண்டுவந்தது. தரையை இரண்டடி மேடாக்கினால் போதும், கட்டிக்கொள்ளலாம். மேலதிகாரி கோப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "நீங்க இந்த நீல எல்லைக் கோட்டை நகர்த்தலன்னா இன்னொருத்தர் நகர்த்தப் போறாங்க, அவ்வளவுதானே," என்றார். நகர்த்திக் கையெழுத்துப் போட்டாள். அன்று மதியம் எப்போதும்போல் சாப்பிட்டாள். தங்கை இங்கேதான் வீடு பார்த்திருக்கிறோம் என்று போனில் சொன்னபோதும் நல்லது என்றாள். வேண்டாம் என்றால், பிறகு எதற்குக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பாள்.

இப்போதும் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட கன்னம்போல் உள்ளுக்குள் எங்கோ மரத்துக் கிடந்தது.

"காலி பண்ணிடுங்க," என்றாள்.

"எங்க போறது? நீ பாத்துக் கையெழுத்து போட்ட இடம்னுதானே வந்தோம்." குறையாகச் சொல்லவில்லை. கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

சுவருக்குள் ஏதோ சலசலத்தது. குழாய் என்று அக்கா நினைத்தாள். குழாய் இல்லாத சுவர் அது. சத்தம் நீளமாக, அவசரமில்லாமல், கூடத்தைச் சுற்றி வந்து சமையலறைப் பக்கம் போயிற்று. சேற்று வாடை கூடியது. ஊறிய மரம், நனைந்த துணி, நாள்பட்ட ஏதோ ஒன்று. டீயிலும் அதே வாடை.

குழந்தை உள்ளறையிலிருந்து வந்தாள். ஆறு வயது.

"பெரியம்மா, நீங்க மாடிப்படிக்குப் போயிடுங்க. நாலு மணி ஆகப் போகுது."

"நாலு மணிக்கு என்னடா?"

"தண்ணி."

தங்கை டம்ளர்களை எடுத்து மேல் அலமாரியில் வைத்தாள். தன் கணவன் வேலை முடிந்து ஆறு மணிக்குத்தான் வருவான், அதற்குள் எல்லாம் வடிந்துவிடும் என்றாள். அக்கா வாசலைப் பார்த்தாள். காய்ந்த தெரு. புழுதி. எதிர்வீட்டுக் கதவை யாரோ உள்ளிருந்து மெல்லச் சாத்தினார்கள். அதற்கடுத்த வீட்டிலும்.

"நீயும் வாடி. குழந்தையத் தூக்கிட்டு வா."

"எங்களுக்குப் பழகிடுச்சுக்கா. நீ ஏறு."

ஏறினாள். பத்தாவது படியில் அவள் பாதம் சுவர்க் கோட்டைத் தாண்டியது. திரும்பினாள்.

கூடம் காய்ந்திருந்தது. வெயில் அப்படியே தரையில் கிடந்தது. ஆனால் சத்தம் நின்றுவிட்டிருந்தது. எல்லாச் சத்தமும்.

தங்கை நடுக்கூடத்தில் நின்றாள். குழந்தையின் கையைப் பிடித்திருந்தாள். காற்று அசையவில்லை. குழந்தையின் பாவாடை மெதுவாக விரிந்து மேலெழுந்தது. பிறகு பாதங்கள். தரையிலிருந்து ஒரு விரல் அளவு. ஒரு சாண்.

தங்கையின் கூந்தல் அவிழ்ந்தது. இழை இழையாக உயர்ந்தது. கோடு இருந்த உயரம்வரை. அங்கே பரவி, மிதந்து, ஆற்றின் போக்கில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றது.

இருவரும் படியில் நின்றவளையே பார்த்தார்கள். கண் இமைக்கவில்லை. தங்கையின் வாய் திறந்தது. அக்கா என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

சொல் வரவில்லை. ஒரு குமிழி மட்டும் வந்தது.