மதில்மேல் டம்ளர்

காலையில் எழுந்ததும் ஜாடிக்கு ஒரு கரண்டி ஆறிய கஞ்சி ஊற்ற வேண்டும். பல் துலக்குவதுகூட அதற்குப் பிறகுதான். எங்கள் ஜாடியில் வளர்ந்தது உப்பள மண்ணிலிருந்து பிரித்த நுண்ணுயிர். அது சுரக்கும் நீர்தான் எங்கள் வீட்டு மருந்து. பக்கத்து வீட்டு பிலோமினா அக்காவுக்கு நிலவேம்பு வேரில் வாழும் பூஞ்சை. தூத்துக்குடி முழுவதும் இப்படி வீட்டுக்கு ஒரு வகையாக நுண்மருந்துத் துறை கொடுத்திருந்தது.

தயிருக்கு உறை கேட்டால் யாரும் கொடுப்பார்கள். இந்த உறையை மட்டும் வாசல் தாண்ட விடக் கூடாது. ஒரே மருந்தை ஊரெல்லாம் குடித்துத்தான் பழைய ஆன்டிபயாட்டிக்குகள் அத்தனையும் கிருமிகளுக்குப் பழகிப்போயின. வீட்டுக்கு ஒன்றாக இருந்தால், போனாலும் ஒரு வீட்டு மருந்தோடு போகும்.

என் கணவர் சேர்மத்துரைக்குச் சிப்பி கிழித்த கால்புண் சீழ் வைத்தது. நான்கு நாள் எங்கள் மருந்தைக் குடித்தும் காய்ச்சல் இறங்கவில்லை. மதிலருகே நின்று அக்காவிடம் கேட்டேன். மறுநாளும் கேட்டேன்.

"எனக்கு ஒத்தப் பிள்ளைட்டி. நாளைக்கு டெல்சிக்கு ஒண்ணுன்னா நான் எங்க போவேன்?" என்றாள்.

மூன்றாம் நாள் மதில்மேல் ஒரு டம்ளர் இருந்தது. ஏழு நாள் குடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். நான்காவது டம்ளரிலேயே அவர் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார். அக்கா வைக்கும் மீன்குழம்புக்கு இந்தக் கசப்பே தேவலை என்று அவள் காதில் விழும்படி சொன்னார். மதிலுக்கு அப்பால் டெல்சி சிரித்தாள்.

ஐந்தாவது டம்ளரைக் கொஞ்சம் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"எனக்குத்தான் சரியாயிட்டுல்லா. மிச்சம் அந்தப் பிள்ளைக்கு இருக்கட்டும். கொண்டு குடு."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வாங்கிக்கொண்டபோது அக்காவின் முகத்தில் தெரிந்த நிம்மதி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

ஒரு வாரத்தில் காய்ச்சல் திரும்பியது. அரைகுறையாக அடிபட்டுப் பிழைத்த கிருமி அந்த மருந்துக்கும் பழகியிருந்தது. அவர் இறந்துபோன எட்டாம் நாள் டெல்சி படுத்தாள். அவர் வாய் வைத்த டம்ளரோடு நான்தான் அந்தக் கிருமியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு வாசலிலும் துறை சிவப்புப் பட்டை ஒட்டியது. மற்ற வீடுகள் ஜன்னலையும் சாத்திக்கொண்டன. தெருவில் ஒரு வாசல் விடாமல் நின்று மருந்து கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் அக்கா மதிலருகே வந்தாள். கையில் அதே டம்ளர்.

"உன் ஜாடில இருக்கத கொஞ்சம் தாட்டி."

அது ஏற்கெனவே தோற்ற மருந்து என்று அவளுக்கும் தெரியும். சொல்ல வாய் திறந்தேன். அவள் டம்ளரை மதிலுக்கு இப்பால் நீட்டினாள். வாங்கி, விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தேன்.

"ஏழு நாளும் குடுக்கணும்க்கா."

"சரிட்டி" என்றாள்.

மூன்று நாள் வாங்கிப்போனாள். நான்காம் நாள் நான் வைத்த டம்ளர் சாயங்காலம்வரை மதில்மேலேயே இருந்தது.