தவளையின் போர்டு

யாரும் தொடாமலே அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. மினுக்கென்று ஒரு தடவை, அவ்வளவுதான். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அணைந்துவிட்டது.

மேசைமேல் போர்டு சாதுவாகக் கிடந்தது. உள்ளங்கையளவு தகடு, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு, ஓரத்தில் தோல் சீவி நிமிர்த்தி விட்ட இரண்டு கம்பிகள். இரண்டையும் சேர்த்து விரல் வைத்தால் விளக்கு எரியும், எடுத்தால் அணையும். பாலிடெக்னிக்கில் முதல் வருஷப் பிள்ளைகள் ஈயம் பற்றவைக்கப் பழகுவதற்குச் செய்கிற சாமான். அம்மாவோ அதற்கு அடியில் பூத்தையல் துணி விரித்து, ஏதோ வெள்ளிக் கோப்பைபோல நட்டநடுவே வைத்திருந்தாள். மகள்தான் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் என்று மாடி வீடுவரைக்கும் சொல்லியாகிவிட்டது.

அது இவள் செய்த போர்டே இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியாது.

செய்தவள் தவளை. உள்ளங்கை எந்நேரமும் ஈரமாய்ச் சில்லென்று இருப்பதால் தோழிகள் வைத்த பெயர். கூப்பிட்டால் முதலில் சிரிப்பவள் அவள்தான். அந்த ஈரக் கைக்கு விளக்கு ஜெகஜோதியாக எரியும். இவளுடைய காய்ந்த விரலுக்கு அழுதுவடியும். "உனக்கு ஒடம்புல ரத்தம் ஓடுதா இல்லியாடி?" என்று தவளை கேலி செய்வாள். பிறகு ஒரு கம்பியில் இவள் விரல், மறு கம்பியில் தவளையின் விரல், மிச்சமிருக்கும் கைகளை இருவரும் கோத்துக்கொள்வார்கள். இரண்டு உடம்பு வழியாகவும் மின்சாரம் ஓடி விளக்கு எரியும். கோத்த கையை விட்டால் அணையும். ஆய்வகத்தில் அவர்களுக்கு அதுதான் விளையாட்டு.

இன்று மதியம் செய்முறைத் தேர்வு. இவள் போர்டில் ஈயம் பிடிக்காமல் திட்டுத்திட்டாகத் திரண்டு நின்றது. விளக்கு எரியவே இல்லை. தவளை கை கழுவப் போன நேரம் பார்த்து, மதிப்பெண்ணுக்காக இருவர் தட்டுகளிலும் வைத்திருந்த போர்டுகளை மாற்றி வைத்தாள். ஆசிரியர் தவளையின் தட்டில் இருந்ததைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார்.

"இதென்ன, காக்கா எச்சமா? நீயெல்லாம் எதுக்கும்மா இங்க வர்ற?"

வகுப்பு சிரித்தது. இவளும் சிரித்தாள். மாற்றியதைவிட, சிரித்ததை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசியது. தவளை அந்தப் போர்டைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். தன் கைவேலை எது என்று அவளுக்குத் தெரியாதா? பையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

மழை இன்னும் விடவில்லை. காற்றில் ஈரம் ஊறிக் கிடப்பதால்தான் விளக்கு எரிந்திருக்கும் என்று எண்ணி, மடித்த துணியிலேயே ஒன்றை எடுத்துக் கம்பிகளைத் துடைத்தாள். குனிந்தபோது ஈயத்தோடு சேர்ந்து உருகிய பிசினின் வாசனை வந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று, மழையில் கலங்கி ஓடும் தண்ணீரின் சேற்று வாடை, ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும் கூடத்துக்குள் எப்படி வந்ததென்று தெரியாமல் நின்றது.

போன் அடித்தது. தவளையின் அம்மா.

"அம்மாடி, அவ அங்க வந்தாளா?"

"இல்லியே ஆன்ட்டி."

"இன்னும் வீட்டுக்கு வரலம்மா. அவ செருப்பு ஒண்ணு வாய்க்கால் ஓரமா கெடக்குதுன்னு சொல்றாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. காலேஜ்ல ஏதும் நடந்துச்சா? சொல்லும்மா."

சொல்ல வாயெடுத்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அம்மா காது கொடுக்கிறாள்.

"ஒண்ணும் நடக்கல ஆன்ட்டி. நல்லாத்தான் இருந்தா."

விளக்கு எரிந்தது. இந்தத் தடவை மினுக்கல் இல்லை. பூத்தையல் துணி முழுக்கச் சிவந்தது. போனை வைத்த பிறகே அணைந்தது.

பேட்டரியைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். ஆனால் போர்டில்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டால் போதும், நிம்மதி. ஒற்றைக் கம்பியைத் தொட்டால் எரியக் கூடாது. எரிந்தால் உள்ளே எங்கோ ஈயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, வலது விரலை ஒரு கம்பியில் வைத்தாள்.

எரியவில்லை. போர்டில் கோளாறு இல்லை.

மறு கம்பி அசைந்தது.

மெல்ல வளைந்தது. மேலிருந்து யாரோ அழுத்துவதுபோல. அதன்மேல் ஒன்றும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும்.

அப்போதும் எரியவில்லை. எரியாது. கை கோக்க வேண்டும்.

இடது கை மேசைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே எடுக்க நினைத்தாள். முடியவில்லை.

உள்ளங்கை சில்லிட்டது.

விளக்கு ஜெகஜோதியாக எரிந்தது.

"கையக் கழுவிட்டு சாப்பிட வாடி," என்றாள் அம்மா உள்ளிருந்து.

கத்தினால் அம்மா வருவாள். வந்தால் எல்லாம் சொல்ல வேண்டும். வாய் திறந்தது. வெட்கம் நாக்கைப் பிடித்தது.

"நான்தான்டி மாத்தினேன்." காற்றாகத்தான் வந்தது. "விட்டுடுடி."

ஈர விரல்கள் ஒவ்வொன்றாக அவள் விரல்களுக்கு நடுவே நுழைந்தன. இறுகின. கீழே, கலங்கல் தண்ணீர் தரையில் சொட்டியது. விளக்கு அணையவே இல்லை.