பதினெட்டு ராஜாக்களுக்கு விஷம்!

டெலிபோன் அலறியது.

ஏற்காடு போலீஸ் ஸ்டேஷன். 1986, ஐப்பசி மழை. சப்-இன்ஸ்பெக்டர் நல்லமுத்து வாயில் டீயோடு ரிசீவரை எடுத்தார்.

"கொலை சார்... கொலை!"

"யாருங்க பேசறது?"

"பாலசுப்பிரமணியம்! ரிடையர்டு எஸ்டேட் மேனேஜர்! பதினெட்டு பேர் சார்... அத்தனையும் ராஜ வம்சம்! மூஞ்சியெல்லாம் பச்சை... விஷம் வெச்சுட்டாங்க!"

டீ புரையேறியது.

ஜீப் பறந்தது!

பங்களா வாசலில் பித்தளைப் பலகை: 'நாணயவியல் பேரறிஞர்'. பட்டத்தைக் கொடுத்தவரும் அவரே. வாங்கிக்கொண்டவரும் அவரே.

ஹாலில் பிணம் எதுவும் இல்லை. மேஜை மேல் ஓர் ஆல்பம் விரிந்து கிடந்தது. பிளாஸ்டிக் பைகளுக்குள் பதினெட்டு வெள்ளி ரூபாய்கள். விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ்...

எல்லார் முகத்திலும் பச்சைப் பிசுக்கு! கூடவே ஒரு காட்டமான நாற்றம்!

"இதுங்களா ராஜ வம்சம்?" நல்லமுத்து தொப்பியைக் கழற்றினார்.

"நாளைக்கு கிளப்புல கண்காட்சி சார்! ஆனி மாசம் பீரோவுல வெச்சுப் பூட்டினேன். இன்னிக்குத் திறந்தா இந்தக் கோரம்! அது மட்டுமா? இதோ பாருங்க... பத்தொன்பதாவது பை காலி! 1862-ஆம் வருஷத்து ராணி காணோம்!"

"யார் மேலயாவது சந்தேகம்?"

"ஊடு கூட்டறவ. கிளியூர் குப்பாயி. பீரோ சாவி இருக்கற இடம் அவளுக்குத்தான் தெரியும். திருடினதை மறைக்க மத்ததுல ஏதோ திராவகத்தை ஊத்தியிருக்கா!"

அடுத்த அரை மணியில் கிளியூரே தெருவில் நின்றது.

குப்பாயியின் தகரப் பெட்டி வாசலில் கொட்டப்பட்டது. அவளுடைய கிழிந்த ரவிக்கைகள்கூட மழையில், ஊர் பார்க்க, கிடந்தன. வரும் வெள்ளிக்கிழமை அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் சித்தப்பா கூட்டத்தின் முதல் வரிசையில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார்!

"சார்... கிடைச்சிருச்சு!" உள்ளே இருந்து கான்ஸ்டபிள் கத்தினார்.

அடுப்புக்கு மேலே பரண். பரணில் கேப்பைப் பானை. கேப்பைக்குள் ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலத்துக்குள்...

1862! தேய்ந்த முகம்தான். ஆனால் ஒரு பொட்டுப் பச்சை இல்லை!

"அய்யாவே குடுத்ததுங்க சாமி!" குப்பாயி முன்னால் வந்தாள். "மூணு வருசத்துக்கு முந்தி, பொங்கலுக்கு. 'தேஞ்சு போச்சு, நீ வெச்சுக்க'ன்னு அவிய கையாலயே குடுத்தாங்க. பொண்ணு கண்ணாலத்துக்கு இருக்கட்டுமேன்னு பொத்தி வெச்சனுங்க. ஏனுங்கய்யா, சொல்லுங்க!"

எல்லாக் கண்களும் ஜீப்பில் இருந்த பாலசுப்பிரமணியத்தின் மேல்.

அவருக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. பொங்கல் காலை. அவள் நீட்டிய முந்தானை. போட்ட ரூபாய்...

ஆனால் ஸ்டேஷன் வரை போன் போட்டாயிற்று. ஊரே பார்க்கிறது. பேரறிஞருக்கு மறதியா?

"இல்லை" என்றார்.

ஒரே ஒரு சொல். காது மடல் இரண்டும் சிவந்துபோயின. நல்ல வேளை, மப்ளர் மறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

குடை பிடித்த சித்தப்பா திரும்பி நடந்தார்.

குப்பாயி ஜீப்பில் ஏறினாள். அழவில்லை. அது பாலசுப்பிரமணியத்தை இன்னும் படுத்தியது.

பங்களாவில் அப்துல் மஜீத் காத்திருந்தார். பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். கண்காட்சிக்குப் பெயர்ச்சீட்டு கொண்டு வந்தவர், ஆல்பத்தைப் பார்த்ததும் முகர்ந்தார். கடைக்கு ஓடினார். ஒரு மழைக்கோட்டோடு திரும்பி வந்திருந்தார்.

"சார், இந்தக் கோட்டைப் பாருங்க. போன வருசச் சரக்கு. விக்காம மடிச்சே கிடந்துச்சுங்க."

பிளாஸ்டிக் ஒட்டியிருந்த பித்தளைப் பொத்தான்கள் எல்லாம்... பச்சைப் பிசுக்கு! அதே நாற்றம்!

"இந்த ஜாதி பிளாஸ்டிக் நம்ம மலை ஈரத்துல எண்ணெய் மாதிரி கக்கும்ங்க. செம்பு கலந்த எதைத் தொட்டாலும் பச்சையாக்கிரும். உங்க வெள்ளியிலயும் செம்பு கலந்திருக்குதே! அன்னிக்கே சொன்னனுங்களே... காகிதக் கவர்ல போடுங்க, ஈரம் படாம வையிங்கன்னு!"

"என்ன பதில் சொன்னார்?" நல்லமுத்து கேட்டார்.

"'விக்டோரியா மகாராணி கடலை மடிக்கிற காகிதத்துல தூங்குவாளா'ன்னு கேட்டாருங்க. அப்புறம் சிங்கப்பூர்ல இருந்து இந்த ஆல்பத்தை வரவழைச்சாரு."

கொலைகாரன் சிக்கிவிட்டான்! விலை நூற்றிருபது ரூபாய்!

"ச...சரி. ஆனா திருட்டு?" பாலசுப்பிரமணியம் விடவில்லை.

"அதுவும் பார்த்துடலாம். உங்க காசுக்கெல்லாம் ரிஜிஸ்டர் உண்டா?"

"அது... எதுக்கு சார்..."

கை தானாக அலமாரியை மறைத்தது. போலீஸ்காரருக்கு அது போதும்!

தோல் அட்டை போட்ட ரிஜிஸ்டர். நல்லமுத்து பக்கம் புரட்டினார். உரக்கப் படித்தார்.

"'1862. தேய்ந்த நாணயம். நம் தொகுப்பின் தகுதிக்கு உகந்ததன்று. 1983 பொங்கல் திருநாளில் ஏழைப் பணிப்பெண் குப்பாயிக்குத் தர்மம் செய்தருளினோம்.'"





"செய்தருளினோம்..." நல்லமுத்து மறுபடி சொன்னார். "எத்தனை பேருங்க சேர்ந்து அருளினீங்க?"

பாலசுப்பிரமணியம் மப்ளரை அவிழ்த்தார். குப்பாயியின் முகத்தைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. அவள் தினமும் துடைக்கும் தரையைப் பார்த்தார்.

"எனக்கு... அங்கேயே ஞாபகம் வந்துடுச்சு" என்றார் மெதுவாக.

"தெரியுமுங்க" என்றாள் குப்பாயி. "உங்க காதைப் பாத்தனே."

நல்லமுத்து தொப்பியை மாட்டினார். அவருக்கும் கூசியது. வாசலில் கிடந்த அந்த ரவிக்கைகள்...

"ஏறுங்க ஜீப்புல. எங்க 'இல்லை'ன்னு சொன்னீங்களோ, அங்கயே 'ஆமா'ன்னு சொல்லணும். நானும் மன்னிப்புக் கேக்கணும்."

கிளியூர் மறுபடி கூடியது. முதலில் மாப்பிள்ளையின் சித்தப்பாவைக் கூட்டி வந்தார்கள். மழையில், குடையில்லாமல், பாலசுப்பிரமணியம் நின்றார்.

"குப்பாயி திருடலை. நான்தான் குடுத்தேன். தெரிஞ்சே பொய் சொன்னேன்."

நல்லமுத்து குனிந்து, நனைந்த துணிகளைத் தானே பொறுக்கிப் பெட்டியில் வைத்தார்.

சித்தப்பா குடையை மடக்கினார். "அப்ப வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே வந்தர்றமுங்க, அம்மிணி."

குப்பாயி வீட்டுக்குள் போனாள். ஒரு பழைய மண்பானையோடு வந்தாள். பாதி வரை காய்ந்த கேப்பை. பேரறிஞரின் கையில் வைத்தாள்.

"மிச்ச ராஜாமாரையும் கழுவித் தொடச்சு, காயவெச்சு, காகிதத்துல மடிச்சு இதுல போட்டு வையிங்க. காசு வேண்டாமுங்க."

அவர் பானையை அணைத்துக்கொண்டார். "குப்பாயி... உனக்கு எப்படி நான்..."

"அட, ரிஜிஸ்டர்ல மறக்காம எழுதிக்கங்க சாமி... 'தர்மம் வாங்கியருளினோம்'னு!"