தொட்டிக்குள் இருந்து பதில்

அலெக்சாந்திரியா மாலுமிப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு உச்சி வெயில். மறுநாள் கப்பலேறப் போகிற பாசிம், தன் பயிற்சிப் புத்தகத்தோடு ஆசிரியர் கேப்டன் ஷுக்ரி முன்னால் வந்து நின்றான்.

மாணவன் செய்துகாட்டும் ஒவ்வொரு வேலைக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து வேண்டும். ஷுக்ரியோ, எதையும் பார்க்காமல், தேநீர் ஆறுவதற்குள் மொத்தத்துக்கும் போட்டுத் தள்ளிவிடுவார்.

"மூடின தொட்டிக்குள்ள எறங்குறது மட்டும் நான் செஞ்சதே இல்ல, கேப்டன். சொல்லிக் குடுங்க."

"பயமாடா? அம்மாவக் கூப்பிடட்டுமா?"

போன வருடம் மஹ்ரூஸ் என்ற மாணவன் கேட்டபோதும் இதே கேலிதான், இதே கையெழுத்துதான். கப்பலில் காற்றைச் சோதிக்காமல் தொட்டிக்குள் இறங்கிய அந்தப் பையன் பிணமாகத்தான் மேலே வந்தான்.

"மஹ்ரூஸ் மாதிரி சாக மாட்டேன், கேப்டன். கத்துக் குடுக்காம கையெழுத்து வேணாம்."

"அந்த முட்டாப்பய செத்தும் என் உயிர எடுக்குறான். வாடா, காட்டுறேன்!"

முற்றத்தில் இருந்த பயிற்சித் தொட்டி கோடை முழுக்க மூடியே கிடந்தது. மூடியைத் திறந்ததும் துருவும் அழுகிய கடல்நீரும் கலந்த நாற்றம் அடித்தது. உள்ளே கும்மிருட்டு. துரு காற்றிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும் என்பதால் முதலில் காற்றைச் சோதிக்கும் கருவியை இறக்கிப் பார்ப்பதுதான் முறை. பாசிம் நீட்டிய கருவியைத் தட்டிவிட்டு ஷுக்ரி இறங்கினார்.

புத்தகத்தைத் தொட்டியின் வாயோரம் வைத்துவிட்டு பாசிம் குனிந்தான். மேலே இருப்பவன் கூப்பிட்டால், உள்ளே இருப்பவர் இரும்பில் ஒருமுறை தட்ட வேண்டும்.

"கேப்டன்?"

டங்.

"நல்லாருக்கீங்களா?"

டங்.

தள்ளி, வேறொரு மூலையிலிருந்து, இன்னொரு டங்.

உள்ளே போனது ஒருவர்தான்.

"டேய்..." ஷுக்ரியின் குரல் கிசுகிசுத்தது. "எனக்குப் பின்னால யாருடா?"

இருட்டுக்குள் ஓர் இளங்குரல் மெல்லச் சிரித்தது.

"பயமா, கேப்டன்? அம்மாவக் கூப்பிடட்டுமா?"

தொப்பென்று ஏதோ விழுந்தது.

பாசிமின் கால் ஏணிக்குப் போனது. இறங்கினால் தானும் பிணம் என்று பின்வாங்கி, ஆள்களைக் கத்திக் கூப்பிட்டான். அவர்கள் காற்றுக் குப்பிகளோடு ஓடிவரும்வரை "கேப்டன்! கேப்டன்!" என்று கூவிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் பதில் தட்டு வந்தது. உயிரோடுதான் இருக்கிறார் என்று நம்பினான்.

தூக்கி வந்தவரைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் கையை விரித்தார்.

"விழுந்த ஒடனே உசுரு போயிருக்கு, தம்பி."

பாசிம் புத்தகத்தை எடுத்தான். தொட்டிப் பயிற்சிக்கான வரி நிரம்பியிருந்தது. துருநிற எழுத்து இன்னும் காயவில்லை.

செய்துகாட்டியவர்: ஷுக்ரி.

சரிபார்த்தவர்: மஹ்ரூஸ்.