டேங்க்கில் ஒரு துளசி இலை

"ஐயோ...!"

அலறல் கேட்டு ராஜபாளையத்தின் அந்தத் தெருவே வாசலுக்கு வந்தது.

அலறியவள் ஷீனா. மூன்று முறை தேசிய மோட்டார் சைக்கிள் சாம்பியன். ட்ராக்கில் விழுந்து காலர் எலும்பு முறிந்தபோதுகூட பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள். இரண்டு தடவையும்!

"செத்துப்போச்சாண்ணே...?"

"செத்துப்போச்சு பாப்பா," என்றார் மெக்கானிக் தவசிமுத்து.

ஷெட்டுக்குள் கிடந்தது பிணம். சிவப்பு நிறம். இரண்டு சக்கரம்.

ஷீனாவின் ரேஸ் பைக்!

தவசிமுத்து ஒரு கண்ணாடி பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். டேங்க்கிலிருந்து இறக்கியது. மேலே பெட்ரோல். அடியில்... தண்ணீர்.

"யாரோ வேணும்னே ஊத்தியிருக்கான். ரேஸ்ல பாதியில நின்னுருந்தா, பின்னால வாரவ ஒன் மேல ஏத்திட்டுப் போயிருப்பா."

ஷீனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. போன மாதம் சென்னை ரேஸிலும் இப்படித்தான் நடுவில் நின்றது. பெட்ரோல் சரியில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோவையில் கடைசிப் போட்டி. ஷீனாவும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்காரர் மகள் இந்துவும் சம புள்ளியில் நின்றார்கள். யார் ஜெயிக்கிறாளோ அவளுக்குத்தான் பட்டம்.

"பாப்பா... இங்க பாரு."

டேங்க்கின் வலையில் ஒட்டியிருந்ததை இடுக்கியால் எடுத்தார் தவசிமுத்து.

துளசி இலை!

"நம்ம வீட்ல ஏதுண்ணே துளசி? நாங்க மாதா கோயில்லா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல வீட்டுக்கு வீடு இருக்கு," என்றார் தவசிமுத்து.

ஷீனாவின் பல் நறநறத்தது.

"இந்து...!"

* * *

சப்-இன்ஸ்பெக்டர் யோகேஸ்வரி பைக்கைச் சுற்றி வந்தாள். பாட்டிலை முகர்ந்தாள்.

"ரெண்டு கொலை கேஸ் பாத்திருக்கேன். ரெண்டுலயும் செத்தது மனுசன்."

"சிரிக்காதீய மேடம்! ரேஸ் சங்கத்துக்கு நான் ஒரு போன் போட்டா போதும். இந்துவுக்கு ஆயுசுக்கும் தடை!"

"போடுங்க. பழி பொய்னு ஆச்சுன்னா?"

ஷீனா செல்போனை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டாள்.

"தடை எனக்கு."

"அப்ப மொதல்ல அந்தப் பிள்ளையப் பாத்துட்டு வருவோம். வீட்ல வேற யாரு?"

"அம்மா மட்டும்தான். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போயிருக்காவ."

போலீஸ் ஜீப் கிளம்பியது.

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர். கடைக்குள் பெரிய வாணலியில் பால் கொதித்துக்கொண்டிருந்தது.

அதைவிடக் கொதித்துக்கொண்டிருந்தாள் இந்து!

"வாட்டி சாம்பியன்! செய்யிறதையும் செஞ்சுட்டு, போலீஸோட வந்து சரணடையுதியா?"

"நானா...? ஏட்டி, என் டேங்க்ல தண்ணி ஊத்துனது நீ!"

"என் டேங்க்ல ஊத்துனது நீ!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள்.

இந்து தன் பைக்கின் பெட்ரோல் பில்டரைத் தூக்கிக் காட்டினாள். அதில் வெள்ளையாகப் பூத்திருந்தது உப்பு.

"பாத்தியா? உப்பு மந்திரிச்சுப் போடுறது ஒங்க கோயில் தண்ணியிலதான? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியோ?"

"அப்ப என் டேங்க்ல கெடந்த துளசி? அது வேளாங்கண்ணியில இருந்து பறந்து வந்துச்சோ?"

"சென்னையில நீ நின்ன மாதிரிதான் அன்னைக்கு நானும் நின்னேன்! ட்ராக்கோட அந்தப் பக்கம் நின்னதால ஒனக்குத் தெரியல!"

"நடிக்காத!"

"ஒனக்கு வயித்தெரிச்சல்!"

"ஒனக்குத் திமிரு!"

யோகேஸ்வரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சினிமாவுக்குப் போகவே நேரம் கிடைக்காத வேலை.

ஷீனா செல்போனை எடுத்தாள். சங்கத் தலைவரின் எண்.

அழுத்தினாள்!

ரிங் போனது...

இந்துவின் முகம் வெளுத்தது. "ஏட்டி... வேணாம். சத்தியமா நான் இல்ல. எனக்கு இந்த ஓட்டத்த விட்டா வேற ஒண்ணும் தெரியாதுட்டி..."

ரிங்...

அந்த நொடியில்தான் கடையின் பின்கட்டிலிருந்து அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஷீனா உறைந்தாள். அந்தச் சிரிப்பைப் பிறந்ததிலிருந்து கேட்டவள் அவள்!

பாய்ந்து கதவைத் தள்ளினாள்.

உள்ளே, வாழை இலைத்துண்டில் சூடான பால்கோவாவை வழித்துக்கொண்டிருந்தாள் பரிபூரணம்.

ஜெபத்துக்குப் போன அம்மா!

பக்கத்தில் இந்துவின் அம்மா மாரியாத்தாள். இருவருக்கும் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள். ஒன்றில் துளசி மிதந்தது.

"ஹலோ... யாரும்மா?" என்றது போன்.

"சார்... ஷீனா பேசுதேன். கோவைக்கு வரும்போது பால்கோவா கொண்டு வரட்டுமான்னு கேக்கத்தான்..."

கட் செய்தாள்.

"யம்மா...! என்ன இது?"

பரிபூரணம் விரலைச் சப்பி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"மாதாகிட்ட ஒனக்காகக் கேக்காத நாளு உண்டாட்டி? கேட்டும் ரெண்டு தடவ எலும்பு முறிஞ்சுது. சரி, ஆண்டாளும் ஒரு கண்ணு பாத்துக்கிடட்டும்னு, ரேஸ்ல பழக்கமான இந்த மதினிகிட்ட தீர்த்தம் வாங்கினேன்."

"எம் மவளுக்கு நான் அவிய கோயில் தீர்த்தத்த வாங்கினேன்," என்றாள் மாரியாத்தாள். "ஒண்ணுக்கு ரெண்டு காவல்."

"அதுக்கு டேங்க்லயா ஊத்துவீய? தலையில தெளிக்க வேண்டியதுதான!"

"நீ எங்கட்டி தலையக் காட்டுத? எப்பம் பாத்தாலும் ஹெல்மெட்டு!"

இந்துவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள். ஷீனாவைப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"டேங்க்கக் கழுவிட்டு ஞாயித்துக்கிழமை வாட்டி," என்றாள் இந்து. "நேர்ல பாப்போம்."

"நேர்ல எங்க? என் முதுகத்தான் பாப்ப!"

யோகேஸ்வரி எழுந்தாள். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள ரொம்பவே சிரமப்பட்டாள்.

"இன்னொரு தடவ டேங்க் மூடியத் தொட்டீங்க... ரெண்டு பேரையும் உள்ள தள்ளிருவேன்! இந்த பாட்டில் ரெண்டையும் வெளிய கொண்டுபோய்க் கொட்டுங்க. இப்பவே!"

இரண்டு அம்மாக்களும் பவ்யமாக எழுந்து வாசலுக்குப் போனார்கள். சற்று நேரத்தில் காலி பாட்டில்களோடு திரும்பி வந்தார்கள்.

"கொட்டியாச்சு தாயி."

கேஸ் முடிந்தது! யோகேஸ்வரி ஜீப்பில் ஏறி சாவியைத் திருகினாள்.

ஜீப் கிளம்பியது. பத்தடி போனது. இருமியது. குலுங்கியது.

நின்றேவிட்டது!

யோகேஸ்வரி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். கடை வாசலில் இரண்டு அம்மாக்களும் கைகூப்பி நின்றார்கள்.

"சாமி தண்ணிய தரையில கொட்டலாமா தாயி? பாவமில்லையா? நீயும் ஒத்தப் பொம்பளப் பிள்ள... தனியா ஜீப் ஓட்டிட்டுத் திரியுத..."

ஷீனா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மேடம்... ஒரு ஆட்டோ கூப்பிடட்டுமா?"

"கூப்பிடுங்க," என்றாள் யோகேஸ்வரி. "ஆனா டிரைவர வண்டிய விட்டு எறங்க வேண்டாம்னு சொல்லுங்க. டேங்க் மேலயே உக்காந்திருக்கச் சொல்லுங்க!"