தீனிச் சீழ்க்கை

ஈனோக் ஆஸ்கித்தின் வாயில் புகைக்குழாய் இருந்தது. ஆனாலும் அவனுடைய சீழ்க்கை காட்டுக்குள்ளிருந்து கேட்டது.

அது மாலைத் தீனிக்கான சீழ்க்கை. யார்க்‌ஷயரின் அந்த எஸ்டேட்டில் வேட்டைக்காவலன் அவன்தான். பிரபுக்கள் சுட்டு விளையாடுவதற்காக பெசன்ட் என்கிற காட்டுக்கோழிகளைக் குஞ்சிலிருந்தே அந்தச் சத்தத்துக்குப் பழக்கியிருந்தான். கேட்டதும் தலைதெறிக்க ஓடிவரும். தீனி போட்டவனே நாளைக்குத் துப்பாக்கி முன்னால் விரட்டிவிடுவான் என்று அந்த மூளைகெட்ட ஜன்மங்களுக்கு உறைக்காது. அவற்றைக் கண்டாலே ஈனோக்குக்கு இளக்காரம். சுட வருகிறவர்களிடமும் பெரிய மரியாதை கிடையாது. யானையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் குறி தவறுகிற கூட்டம் என்பான்.

ஆனால் விடிந்தால் வேட்டை. கோழிகளை யாராவது கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டால் அவனுக்கு வேலை போகும். வேலையோடு எஸ்டேட் கொடுத்த வீடும் போகும்.

"அந்தக் கோழித் திருடன் ஜெப்சன்தான்," என்றான், வாசலில் நின்று. "என் சீழ்க்கையக் கத்துக்கிட்டு என்கிட்டயே வாலாட்டுறான்."

அவன் மனைவி ஹெஸ்டர் அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு வந்தாள். "நல்லா இருக்குதுங்க. நீங்க அடிக்கிறதவிட இனிமையா இருக்குது."

"உனக்கும் தீனி வேணுமோ? உள்ள போ."

வழக்கமாக இதற்கு ஒரு வசை திரும்பி வரும். இன்று அவள் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இறங்கினான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, ஈரப் புதரின் வாடையும் அழுகிய இலையின் வாடையும் மூடுபனியோடு கலந்து மூக்கில் ஏற, எங்கோ ஒரு கிளையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாத பாதையில், ஜெப்சனின் காதைத் திருகுவது எப்படி என்று யோசித்தபடியே நடந்தான். மறுபடி சீழ்க்கை. இப்போது பக்கத்தில்.

அண்ணாந்து பார்த்தான். கோழிகள் அத்தனையும் கிளைகளில் இருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை, ஒன்றுகூடக் கத்தவில்லை. வீடு தப்பித்தது என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தான்.

அப்புறம்தான் பயம் வந்தது. கோழிகளைக் கூப்பிடவில்லையென்றால், யாரைக் கூப்பிடுகிறது?

தீனி போடும் இடத்தில் ஜெப்சன் இருந்தான். மண்டியிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்து, வாயாலேயே மக்காச்சோளத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தபால்காரர். அவருக்கும் அப்பால் பாதிரியார். ஊரில் பாதி.

"டேய் ஜெப்சன். என்னடா இது?"

ஜெப்சன் நிமிரவில்லை. தானியம் மேலிருந்து விழுந்தது. மரங்களுக்கும் மேலிருந்து.

பின்னால் காலடி. ஹெஸ்டர். தலையை முன்னால் நீட்டி ஓடிவந்தாள். கையில் மாவு காயவில்லை.

"ஹெஸ்டர், நில்லு."

அவனைத் தாண்டிப் போனாள். குனிந்தாள். தின்றாள்.

துப்பாக்கியைத் தூக்கினான். எதைச் சுடுவது?

சீழ்க்கை தலைக்கு நேர் மேலே கேட்டது. அவள் சொன்னது சரிதான். இனிமையாகத்தான் இருந்தது.

முழங்கால் மடிந்தது. துப்பாக்கி எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. ஈர மண். நாக்கில் ஒரு சோள மணி.

கொழுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, நீளமான ஒரு விரல் அவன் முதுகெலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, ஹெஸ்டரின் முதுகுக்கு நகர்ந்தது.